பச்சை டிக் வரும்வரை

ஓய்வு பெறுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் இந்த மருத்துவமனையின் கணினி அறையை விட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். என் நாற்காலியில் உட்காரப்போகிற உங்கள் இருவருக்கும் சாவி, கடவுச்சொல், எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அப்படிக் கையில் கொடுக்க முடியாத ஒன்று பாக்கி இருந்தது. ஒரு தேர் நாளில் நடந்தது அது. அதை எழுதித்தான் தர முடியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தறியில் இருப்பவர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போன அன்று, அது எதற்கான தேர்வு என்று வீட்டில் விளக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஏனாத்தூர் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்து பட்டம் வாங்கினேன். இந்த அறையின் கதவில் என் பெயரை ஒட்டியபோது அதைப் படமெடுத்து வீட்டில் காட்டினேன். அம்மா போன் திரையில் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்தப் பெருமையும் அன்றைக்கு இந்த அறைக்குள் என்னோடு உட்கார்ந்திருந்தது. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

முதலில் பச்சை டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டில் ஊசி போட்டாலும் மாத்திரை கொடுத்தாலும் செவிலியர்கள் அதை டேப்லெட்டில் பதிவார்கள். பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறிய வளையம் சுற்றும். பிறகு பச்சை டிக் வரும். காகிதத்தில் எழுதுவதை நிறுத்திய புதிதில் என்னிடம் வந்த முதல் புகாரே அந்த வளையத்தைப் பற்றித்தான். எலும்பு வார்டில் இரவுப் பணி பார்க்கும் செல்வி, பணி முடிந்த கையோடு நேராக இந்த அறைக்கே வந்து நின்றாள்.

"இன்னாமா உன் சர்வரு? டிக்கு வர்றதுக்குள்ள பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆயி வூட்டுக்கே பூடுவாரு போல."

"ரெண்டு செகண்டுதான் சிஸ்டர்."

"ரெண்டு செகண்டு உனுக்கு. ஒக்காந்துக்கினு இருக்க. வார்டு பூரா ஒவ்வொரு கட்டிலாண்டயும் நின்னுக்கினு இருந்து பாரு, காலு இன்னாத்துக்கு ஆவும்னு தெரியும்."

மென்பொருள் கொடுத்த நிறுவனத்தின் ஆள் சென்னையிலிருந்து போனில் எளிய வழி ஒன்று சொன்னார். சர்வரில் ஒரே ஒரு அமைப்பை, செட்டிங்கை, மாற்றினால் போதும், டிக் கண்ணிமைக்கும் முன் வந்துவிடும். நிர்வாக அலுவலரும் மாற்றச் சொன்னார். நாம் ஏ.ஓ. சார் என்று கூப்பிடுவோமே, அவர்தான். நான் மாற்றவில்லை. ஏன் என்று புரிய, அந்த இரண்டு நொடிக்குள் சர்வரில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

செல்வி பதிகிற ஊசி நேராக டிஸ்க் என்கிற வட்டில் உள்ள டேட்டா கோப்புக்குப் போவதில்லை. உள்ளே வந்திருக்கும் ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் சர்வர் ஒரு பிராசஸை, தனி வேலையாள் மாதிரி ஓடுகிற ஒரு நிரலை, ஒதுக்கியிருக்கும். அந்த நோயாளியின் விவரம் இருக்கும் பக்கத்தை அந்தப் பிராசஸ் டேட்டா கோப்பிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து, அங்கேயே திருத்துகிறது. நினைவகம் எல்லாப் பிராசஸ்களும் சேர்ந்து வேலை செய்யும் ஒரு பெரிய மேசை. மிக வேகமான மேசை. ஆனால் மின்சாரம் போனால் அதில் இருந்தது ஒன்றும் மிஞ்சாது. அதனால், இன்னாருக்கு இன்ன மருந்து இன்ன நேரத்தில் என்ற மாற்றம் மட்டும் சுருக்கமாக லாக் கோப்பின், அதாவது நடந்ததை வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவேட்டின், கடைசியில் எழுதப்படுகிறது. அது வட்டில் பத்திரமாக விழுந்த பிறகுதான் டிக். மேசையில் திருத்தி வைத்த பக்கங்களை டேட்டா கோப்புகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு பிராசஸின் வேலை. அதற்கு அவசரமே கிடையாது. சேர்ந்ததையெல்லாம் நிதானமாக எழுதிவிட்டு, 'இதுவரை உள்ளது கோப்பில் ஏறிவிட்டது' என்று அவ்வப்போது ஒரு குறி வைக்கும். அந்தக் குறியைச் செக்பாயிண்ட் என்கிறோம்.

ஆக, எந்த நேரம் பார்த்தாலும் டேட்டா கோப்பு சற்றுப் பழையதாகத்தான் இருக்கும். புதியது மேசையில் இருக்கும். மேசை கவிழ்ந்தால் அது லாக்கில் மட்டும் இருக்கும். சென்னைக்காரர் சொன்ன வழி, லாக் வட்டில் விழுவதற்கு முன்பே டிக்கைக் காட்டிவிடுவது. நான் அதற்கு ஒப்பவில்லை. பதிலுக்கு, செக்பாயிண்ட்டுகளை இன்னும் தள்ளித் தள்ளி வைத்து மற்ற வேலைகளை வேகமாக்க ஒப்புக்கொண்டேன். அதற்கும் ஒரு விலை உண்டு. அதைத் தேர் அன்று கொடுத்தோம்.

நம் கட்டடம் தேர் போகிற வீதியிலேயே இருக்கிறது. வைகாசித் தேர் அன்று மின்வாரிய ஆட்கள் வந்து வீதிக்குக் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்துவிடுவார்கள். தேர் கடந்து போகும்வரை வீதியில் மின்சாரம் இருக்காது. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டு விளக்குகள், வை-ஃபை எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் உண்டு. கணினி அறைக்கு மட்டும் அப்போது யுபிஎஸ் பேட்டரிகள்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவை தாராளமாகத் தாங்கின.

வாசலில் நாம் போடும் நீர்மோர்ப் பந்தல் உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு பந்தலைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்கள். மோரைக் குளிர வைக்க ஒரு பெரிய ஃப்ரீசர், கூப்பிட்டுக் கொடுக்க ஒலிபெருக்கி. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும், வீதியில் இல்லை. எலக்ட்ரீஷியன் தேவராஜ் அண்ணன் கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, கணினி அறைக்கு வெளியே சுவரில் இருந்த சிவப்பு சாக்கெட்டைக் கண்டுபிடித்தார். யுபிஎஸ்ஸின் சாக்கெட். தேர் நாள், தாகம் தீர்க்கிற காரியம். அதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

காலைப் பணிக்கு எல்லோரும் வந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. கொட்டுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பக்தர்கள் நெரிசல் இல்லாமல் வரிசையில் வந்து மோர்..." என்றது ஒலிபெருக்கி. அதோடு நின்றது. அதே கணம் என் திரை கறுத்தது. சர்வரின் விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது. மோர்ப் பந்தலும் சர்வரும் ஒன்றாக வாயடைப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். கதவைத் திறந்து பார்த்தேன். சிவப்பு சாக்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் வயர் மாடிப்படி வழியாக வாசலுக்குப் போயிருந்தது.

தேவராஜ் அண்ணன் மேலே ஓடிவந்தார், ஒலிபெருக்கி ஏன் நின்றது என்று பார்க்க.

"அண்ணா, இதுல ஏன் சொருகுனீங்க?"

"கரன்ட்டு இருந்துச்சுமா."

"இது சர்வரோடதுண்ணா."

அவர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்ச நேரந்தானேனு நெனச்சேன். அந்த ஃப்ரீசரு இந்த இழுப்பு இழுக்கும்னு யாரு கண்டா?"

உடனே போய், அறுவை அரங்கின் தாழ்வாரத்திலிருந்து ஜெனரேட்டர் இணைப்பை நீட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சர்வர் எழுந்தது. டேட்டாபேஸ் எழவில்லை. 'மீட்பு நடக்கிறது, இணைப்புகளை ஏற்க இயலாது' என்ற பொருளில் ஒரே ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது.

அப்போதுதான் எலும்பு வார்டின் மருத்துவர் இந்த அறைக்கு வந்தார். தன் பெயரை எங்கும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. டாக்டரம்மா என்றே சொல்கிறேன். அவர் பின்னாலேயே காலைப் பணிக்கு வந்த கலா அக்கா.

கன்னியம்மா என்று தென்னேரியிலிருந்து வந்த அம்மாள். ஏரிக்கரைப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, முந்தைய நாள் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க, காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் நரம்பு வழியாக ஒரு மருந்து கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தார் டாக்டரம்மா. காலை மருந்து மருந்தகத்திலிருந்து வரத் தாமதமாகி, செல்வி பணி முடித்துக் கிளம்புகிற நேரத்தில்தான் வார்டுக்கு வந்தது.

"போட்டுட்டாளா, எனக்கு விட்டுட்டுப் போனாளானு தெரியல," என்றார் கலா அக்கா. "எல்லாம் பதிஞ்சிட்டேன் அக்கா, டேப்ல பாத்துக்கோங்கனு சொல்லிக்கினே படி எறங்கிட்டா. தேரு நகர்றதுக்குள்ள வடம் புடிக்கணுமாம். நான் டேப்ல அந்தம்மா பேர தொறக்கறதுக்குள்ள இது போச்சு."

"போன் பண்ணீங்களா அக்கா?"

"பண்ணிக்கினேதான் இருக்கேன். அந்தக் கொட்டுல யாருக்குக் கேக்கும்?"

காலிக் குப்பிகள் அதற்குள் குப்பை வண்டியில் போயிருந்தன; அதே மருந்து வேறு கட்டில்களுக்கும் வந்திருந்ததால் மிஞ்சியதை வைத்தும் சொல்ல முடியவில்லை. மருந்தகத்தின் கணக்கும் இதே டேட்டாபேஸில்தான். கன்னியம்மாவைக் கேட்டால், "கையில குத்தி வச்சிருக்கிற டியூப்பு வழியா என்னென்னமோ ஏத்துனாங்கமா, நான் தூங்கிட்டேன்" என்றாராம்.

"ரெண்டு தடவ போனா ஆபரேஷன் பண்ண எடத்துல ரத்தம் கசியும்," என்றார் டாக்டரம்மா. "போடாமயே விட்டா கட்டி ஏதாவது நுரையீரலுக்குப் போவலாம். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்னா லேப் எதிர்ப்பக்கம் இருக்குது. நடுவுல தேர் நிக்குது."

இதற்குள் ஏ.ஓ. சாரும் வந்துவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சென்னைக்காரர் இணைப்பில் இருந்தார்.

"விடியக்காலைல எடுத்த பேக்கப் இருக்குதுல்ல? அதப் போட்டுத் தொறம்மா."

"ஹேங் ஆயிருக்கும் மேடம்," என்றது போன். "ரீஸ்டோர் ஸ்கிரிப்ட்ட ஓட்டுங்க. பத்து நிமிஷத்துல ஓபன் ஆயிடும்."

உண்மை, திறந்துவிடும். அந்த ஸ்கிரிப்ட் டேட்டா கோப்புகளையும் லாக் கோப்புகளையும் துடைத்துவிட்டு, விடியற்காலை நகலை அந்த இடத்தில் வைக்கும். செல்வி மருந்து கொடுக்கும் முன் எடுத்த நகல். கன்னியம்மாவுக்குக் காலையில் எதுவும் கொடுக்கவில்லை என்று சுத்தமாக, தயங்காமல் காட்டும். மூடிக் கிடக்கிற திரை நமக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறது. தவறாகத் திறந்த திரைக்கு அந்த அடக்கம் கிடையாது.

"வேணாம் சார். லாக்ல எல்லாம் இருக்குது. அத ஒவ்வொண்ணா எடுத்து டேட்டா கோப்புல திரும்பப் போட்டுக்கினு இருக்குது. முடிஞ்சதும் தானா தொறக்கும்."

"காலேஜ்ல படிச்சத பரீட்சைல எழுதும்மா. இங்க ஆஸ்பத்திரி மூடிக் கெடக்குது."

அது சுருக்கென்று தைத்தது. எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. அந்தப் படிப்பை ஒருவர் தட்டிவிட்டால் நான் சும்மா இருப்பேனா? நினைவகம், லாக், செக்பாயிண்ட் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். சொன்னதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் அத்தனையும் சொன்னேன்.

டாக்டரம்மா குறுக்கிட்டார். குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. நகருதா, நகரலையா? அத மட்டும் சொல்லு."

நான் திரும்பி உட்கார்ந்தேன்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இந்த இடம்தான். சர்வர் நின்றுவிட்டதா, வேலை செய்துகொண்டிருக்கிறதா என்று வாதம் செய்து கண்டுபிடிக்க முடியாது. பார்க்கத்தான் முடியும். அதுவரை நான் பார்க்கவே இல்லை. என் படிப்பின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையும், பேக்கப்பின் மேல் ஏ.ஓ. சாருக்கு இருந்த நம்பிக்கையும் அந்த நிமிடம் வரை ஒரே எடைதான்.

ஓடுகிற பிராசஸ்களின் பட்டியலைத் திறந்தேன். மீட்பு பிராசஸ், தான் எந்த லாக் கோப்பை வாசிக்கிறது என்பதைத் தன் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும். அந்தக் கோப்பின் பெயரை உரக்கப் படித்தேன். எல்லோரும் காத்திருந்தோம். கொட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. கோப்பின் பெயர் மாறி அடுத்ததற்குப் போயிற்று.

"நகருது டாக்டர். பாதிக்கு மேல வந்திருக்குது."

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"நேரம் சொன்னா அது ஊகமாயிடும். ஒவ்வொரு கோப்பு முடியும்போதும் சொல்றேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் நான் தள்ளலாம். அதுக்கு மேல, தெரியாதுங்கறத வச்சிக்கினே ஒரு முடிவு எடுத்துப்பேன். அந்தம்மா கட்டிலாண்ட இருக்கேன்."

எவ்வளவு காத்திருக்கலாம் என்பதை அவர் சொல்லிவிட்டார். நகர்கிறதா என்பதை நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அறையில் யாரும் யாரோடும் வாதாடவில்லை. அரை மணி நேரத்துக்குள் முடியாவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்தேன்: எதையும் அழிக்காமல் மொத்தக் கோப்புறையையும் வேறு வட்டுக்கு நகர்த்திவிட்டு, பிறகுதான் பேக்கப்பைத் தொடுவது. நடுவில் நிறுத்தினாலும் சேதமில்லை. ஆனால் மீட்பு கடைசிச் செக்பாயிண்ட்டிலிருந்து திரும்பத் தொடங்கும். அந்தச் செக்பாயிண்ட் வெகு பின்னால் இருந்தது. தள்ளி வைத்ததற்கான விலை என்று சொன்னேனே, அது இதுதான்.

தேவராஜ் அண்ணன் வாசற்படியில் வயரின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "இத எவனும் மிதிக்காம பாத்துக்கினு இருக்கேன்" என்றார். ஏ.ஓ. சார் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை; அவராகவே, "மோரு சூடாயிடுச்சு" என்றார். தேவராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கோப்பின் பெயரைப் படித்தேன், அடுத்ததைப் படித்தேன். கலா அக்கா அதை இன்டர்காமில் வார்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கொடுத்த நேரம் தீர்வதற்குச் சற்று முன்னால் கடைசிக் கோப்பு முடிந்தது. 'இணைப்புகளை ஏற்கத் தயார்' என்ற வரி வந்தது.

கலா அக்கா டேப்லெட்டைத் திறந்தார். கன்னியம்மாவின் பெயருக்குக் கீழே காலையில் கொடுத்த மருந்துகள் மூன்று. மூன்றாவது, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து. கொடுத்தது செல்வி. சர்வர் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பதிந்திருந்தாள். அவ்வளவு புதிய பதிவு டேட்டா கோப்பைப் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நினைவகத்தில் இருந்தது அழிந்துவிட்டது. லாக்கில் விழுந்த அந்த வரி ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி.

இன்டர்காமில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "போட்டாச்சா? சரி. அப்ப இனிமே ராத்திரிதான்." வைத்துவிட்டார்.

கலா அக்கா மட்டும் டேப்லெட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "ஜன்னலோரக் கட்டிலுக்குக் கஞ்சினு நான் அடிச்சத காணோமே."

"பொத்தான அழுத்துனீங்களா அக்கா?"

"அழுத்தப் போனேன். அதுக்குள்ள சர்வரு பூடுச்சு."

"டிக்கு வரலல்ல? அப்ப அது இல்லக்கா. திரும்ப அடிங்க."

முடிந்ததாகச் சொன்ன எதையும் டேட்டாபேஸ் தொலைக்கக் கூடாது. முடிந்ததாகச் சொல்லாத எதையும் பாதியில் வைத்திருக்கவும் கூடாது. மீட்பு நேரத்தில் அது செய்கிற இரண்டு வேலையும் இதுதான். லாக்கில் முடிவுக் குறி உள்ளதைத் திரும்பக் கொண்டுவரும். அந்தக் குறி இல்லாததை விட்டுவிடும். தறியில் குறுக்கே ஓடும் ஊடை இழை பாதியில் நின்றால் அப்பா அதை எடுத்துவிட்டு முழுதாகத் திரும்பப் போடுவார். பாதியோடு மேலே நெய்துகொண்டு போனதை நான் பார்த்ததில்லை.

தேர் நிலைக்குத் திரும்பிய பிறகு செல்வி வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை; போனில் குவிந்திருந்த அழைப்புகளைப் பார்த்துவிட்டு நேராக இங்கே ஓடிவந்திருந்தாள். தலையில் பூ வாடியிருந்தது. வடம் இழுத்த உள்ளங்கைகள் சிவந்து கன்றியிருந்தன.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"கெளம்பறதுக்கு முன்ன டிக்கு வந்துச்சா சிஸ்டர்?"

"வளையம் சுத்திக்கினே இருந்துச்சு. தேரு நகந்துட்டா வடத்துல எடம் கெடைக்காதே. உன்னத் திட்டிக்கினேதான் நின்னேன். வந்துச்சு. அப்புறந்தான் படி எறங்கினேன்."

"வரலனா?"

"வரலனா கலா அக்காவ நிறுத்தி, இத மட்டும் போட்டுட்டேன், பதியலனு சொல்லிட்டுப் போயிருப்பேன்." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதான் வந்துடுச்சே. அப்புறம் இன்னாத்துக்கு சொல்லணும்?"

அதற்குப் பிறகு செக்பாயிண்ட்டுகளை நெருக்கி வைத்தேன். சர்வர் கொஞ்சம் மந்தமாயிற்று, விழுந்தால் சீக்கிரம் எழும். சிவப்பு சாக்கெட்டுக்குத் தேவராஜ் அண்ணன் தானே ஒரு மூடி செய்து பூட்டினார். ஜெனரேட்டர் இணைப்பும் நிரந்தரமாக வந்துவிட்டது. கன்னியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து ஆட்டோ ஏறியதை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

டிக்கை வேகமாக்கச் சொல்லி உங்களிடமும் கேட்பார்கள். சென்னையிலிருந்து போன் வரும். ஏ.ஓ. சார் ஜாடையாகச் சொல்வார். எல்லோருக்கும் முன்னால் செல்வி வருவாள், இரவுப் பணி முடிந்த கால்வலியோடு. அந்த இரண்டு நொடியை இன்றைக்கும் அவள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். திட்டி முடிக்கிறவரை கேளுங்கள். அமைப்பை மட்டும் மாற்றாதீர்கள்.